உருகி வழியும் எழுத்தும் ‘நிழல்’ கடையின் பலகையும்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையோரத்தில் பழச்சாறும் தேநீரும் விற்கும் கடை ஒன்றைத் திறக்கப்போவதாகவும், அதற்கு ‘நிழல்’ என்று பெயர் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள், தம்பி. பாலக்காட்டில் டிசைன் வேலை செய்யும் உங்கள் நண்பர் அந்தப் பெயரை ஆங்கிலத்தில், மெழுகு உருகி வழிவது போன்ற, ‘சைக்கடெலிக்’ என்னும் பழைய அமெரிக்கப் பாணி எழுத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அப்பாவுக்கோ அது எழுத்தாகவே தெரியவில்லை. இந்த எழுத்து எங்கிருந்து வந்தது, எதற்குப் பொருந்தும், தமிழிலும் மலையாளத்திலும் இதே சாயலில் பெயரைப் போட முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். வேலந்தாவளம் முதல் பாலக்காட்டுச் சித்தூர் வரை 25 ஆண்டுகளாக இரண்டு மொழியிலும் போர்டு எழுதி வருகிறேன். இந்தப் பாணியின் மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. ஆகவே சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், அப்பா சொல்வது தவறில்லை. அந்த எழுத்து உடனே படிக்கப்படக் கூடாது என்ற எண்ணத்தோடு பிறந்ததுதான். 1966, 1967 ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஃபில்மோர், அவலான் என்ற இரண்டு அரங்குகளில் வாரந்தோறும் ராக் இசை நிகழ்ச்சிகள் நடந்தன. ஃபில்மோரை பில் கிரஹாம் நடத்தினார். அவலானில் செட் ஹெல்ம்ஸ் தலைமையில் ஃபேமிலி டாக் குழுவினர் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய சுவரொட்டி வேண்டியிருந்தது. அவற்றை வரைந்தவர்களில் வெஸ் வில்சன், விக்டர் மொஸ்கோஸோ, ரிக் கிரிஃபின், ஸ்டான்லி மவுஸ், ஆல்டன் கெல்லி ஆகிய ஐவரும் முதன்மையானவர்கள். வில்சன் விலகிய பிறகு 1967இல் ஃபில்மோருக்குத் தொடர்ந்து வரைந்த பானி மக்லீன் என்ற பெண் ஓவியரையும் அவர்களோடு சேர்த்தே சொல்ல வேண்டும். சுவரொட்டியைக் கடந்து போகிறவர் நின்று, நெருங்கி வந்து, தலையைச் சாய்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடித்துப் படிக்க வேண்டும் என்பதே அந்த வேலையின் சாரம். படித்து முடித்தவருக்கு ஒரு விடுகதையை அவிழ்த்த மகிழ்ச்சி இருக்கும். முடியாதவர் அந்த நிகழ்ச்சிக்கு உரியவர் அல்லர் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்த உருவம் அமெரிக்காவில் முளைத்ததன்று. வியன்னாவில் செசெஷன் என்ற கலைஞர் குழுவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரோலர் 1903ஆம் ஆண்டு நடந்த அக்குழுவின் 16ஆவது கண்காட்சிக்கு ஒரு சுவரொட்டி வரைந்தார். அதில் ஒவ்வொரு எழுத்தும் செங்கல்போல ஒரு கட்டத்தை முழுவதுமாக நிரப்பியிருக்கும். எழுத்தின் உள்வெளி மெல்லிய கீற்றாகச் சுருங்கியிருக்கும். 1965 நவம்பரில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பழைய ஜெர்மன் சுவரொட்டிகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் விவரநூலில் ரோலரின் எழுத்தைக் கண்ட வெஸ் வில்சன், அந்தச் செங்கற்களை இளக்கி, வளைத்து, அலையாகவும் தீயாகவும் ஓடவிட்டார். 1966 ஜூலையில் ஃபில்மோர் நிகழ்ச்சி ஒன்றுக்கு அவர் வரைந்த சுவரொட்டியில் பச்சைப் பின்புலத்தின் மேல் சிவந்த எழுத்துகள் தீ நாக்குகளாக எழும்பி நிற்கும். முதலில் தீதான் தெரியும், பிறகே பெயர் தெரியும். உங்கள் நண்பர் போட்டுக் கொடுத்த எழுத்தின் வம்சாவளி இதுதான்.

ஒரு தொழிற்காரணமும் இதற்குள் இருக்கிறது. ஈய அச்சில் எழுத்துகள் நேர்வரிசையில்தான் நிற்கும்; வட்டத்துக்குள்ளோ இலை வடிவத்துக்குள்ளோ அடைப்பது பெரும்பாடு. ஆஃப்செட் அச்சில் கையால் வரைந்ததைப் படமெடுத்துத் தகடாக்கினால் போதும். என்ன வளைவு வரைந்தாலும் அச்சாகும். வில்சனே ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தவர். சிவகாசிச் சுவரொட்டிகளிலும், வார இதழ்களின் கதைத் தலைப்புகளிலும், திரைப்பட விளம்பரங்களிலும் நம் ஓவியர்கள் கைப்படத் தமிழ் எழுத்தை வளைத்தும் நெளித்தும் வரைந்ததற்கும் இந்த வசதியே துணையாக இருந்தது.

இந்தப் பாணிக்குப் பெயர் தந்த சைக்கடெலிக் என்ற சொல்லை 1956இல் உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். மனத்தை வெளிப்படுத்துவது என்பது அதன் கிரேக்க வேர்ப்பொருள். எல்எஸ்டி போன்ற போதைப்பொருள்களைக் குறிக்கவே அது பிறந்தது. கலிஃபோர்னியாவில் எல்எஸ்டி தடைசெய்யப்பட்டது 1966 அக்டோபரில்தான். இதை உங்களிடம் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று இந்த எழுத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பழைய பாட்டையும் வண்ணத்தையும் இளமையையும்தான் நினைக்கிறார்கள். எழுத்து மட்டும் இருந்தால் யாரும் வேறு பொருள் கொள்ளப்போவதில்லை. ஆனால் அதன் பக்கத்தில் காளானையும், சுழலும் கண்ணையும், புகையையும் சேர்த்து வரைந்தால் பொருள் மாறிவிடும். பள்ளிப் பிள்ளைகள் வந்து பழச்சாறு குடிக்கும் கடைக்கு அவை வேண்டாம். நண்பரின் வரைவில் அப்படி ஏதாவது இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இனி அந்த எழுத்தின் உடற்கூறு. பலரும் இதை வளைந்த எழுத்து என்று நினைக்கிறார்கள். வளைவு இரண்டாம்பட்சம், முதன்மையானது நிரப்புதல். நம் சித்தூர்ப் பக்கத்து நெல்வயலை மேட்டில் நின்று பார்த்தால், வயல்கள் ஒவ்வொன்றும் வேறுவேறு வடிவில் இருக்கும். அவற்றுக்கு நடுவே ஓடும் வரப்பு மட்டும் எங்கும் ஒரே அகலத்தில் இருக்கும். இந்த எழுத்தும் அப்படித்தான். எழுத்துகள் வயல்கள், இடைவெளி வரப்பு. ஓர் எழுத்து இடுப்பில் உள்வாங்கினால் பக்கத்து எழுத்து அந்த இடத்தை நோக்கி வயிறு பெருத்து நகரும். காலியிடம் எங்கும் தேங்கி நிற்காது. கோடுகள் அடியிலோ தலையிலோ தடித்து, நடுவில் மெலியும். ஆங்கில ‘ஓ’வின் உள்வட்டம்கூட ஒரு நெல்மணி அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லா எழுத்தும் சேர்ந்து ஒரே உருவமாக, அதாவது ஒரு மணியாகவோ சுடராகவோ அலையாகவோ தெரிய வேண்டும்.

இதனால்தான் கணினியில் ஒரு தடித்த எழுத்தை எடுத்து, கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில், வெளிவடிவை மாற்றும் என்வலப் கருவியால் இழுத்து வளைத்துவிட்டால் இந்தப் பாணி வந்துவிடாது. அந்தக் கருவி எழுத்தை வளைக்கும்போது வரப்பையும் சேர்த்து வளைத்துவிடும். ஓரிடத்தில் இடைவெளி ஓடையாக அகலும், மற்றோரிடத்தில் கோடு நூலாக இளைக்கும். கண்ணுக்கு அது உருகிய எழுத்தாகத் தெரியாது, ஈரத்தில் கசங்கிய தாளாகத் தெரியும். கணினியில் அச்சுக்கோக்கும் டிடிபி கடைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். சரியான வழி, வளைத்த பிறகு ஒவ்வோர் எழுத்தையும் மீண்டும் கையால் திருத்தி, இடைவெளியைச் சமன்செய்வது. அதைச் செய்யப் பொறுமை இல்லையென்றால் இந்தப் பாணியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எழுத்துருவாகக் கிடைப்பவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியன்னா, ஜெர்மன் மரபில் வந்த சில எழுத்துருக்கள் மிகப் பழையவை. 1900இல் ஒட்டோ எக்மன் வரைந்த எக்மன், 1904இல் ஷ்டுட்கார்ட் நகரின் வைசர்ட் வார்ப்பகம் வெளியிட்ட ஆர்னால்ட் பொக்லின் ஆகியவை இன்றும் கணினியில் கிடைக்கின்றன. பொக்லின் பின்னாளில் லெட்ராசெட் தாள்களில் தேய்த்து ஒட்டும் எழுத்தாகவும் விற்கப்பட்டது. வெஸ் வில்சனின் கட்டையெழுத்தை நினைவூட்டும்படி ஜிம் பார்க்கின்சன் வரைந்த மோஜோ, உங்கள் நண்பரின் வரைவில் இருப்பதற்கு மிக நெருங்கியது. மில்டன் கிளேசரின் பேபி டீத் வேறு குடும்பம். படிக்கட்டுபோலத் தடித்த எழுத்து. மெக்சிகோ நகரில் ஒரு தையற்கடைக்காக யாரோ கையால் எழுதிய விளம்பரத்தைப் பார்த்துத்தான் அதை அவர் உருவாக்கினார். உலகப் புகழ் பெற்ற ஓர் எழுத்துக்கு முன்மாதிரி ஒரு பெயர் தெரியாத போர்டு ஆர்ட்டிஸ்ட் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

இந்த எழுத்துருக்களுக்கும் பழைய சுவரொட்டிகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. சுவரொட்டியில் ஒரே சொல்லில் இரண்டு முறை வரும் எழுத்துகூட இரண்டு வேறு உருவத்தில் இருக்கும், ஏனென்றால் அதன் அண்டை எழுத்து வேறு. எழுத்துருவிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் பெரும்பாலும் ஒரே உருவந்தான். நல்ல எழுத்துருவில் மாற்றுருவங்கள் இரண்டு மூன்று கொடுத்திருப்பார்கள். நண்பர் அவற்றைப் பயன்படுத்தினாரா என்று பாருங்கள். மேலும், இலவசமாக இறக்கிக்கொள்ளும் எழுத்துருக்கள் பலவற்றில் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கும். கடைப்பலகை வணிகப் பயன்பாடு. உரிமக் குறிப்பைப் படிக்காமல் போட வேண்டாம்.

அடுத்து வண்ணம். இந்தப் பாணியின் பாதி வேலையைச் செய்வது வண்ணந்தான். விக்டர் மொஸ்கோஸோ யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைப் படித்தவர். கற்ற விதிகளைத் தலைகீழாகத் திருப்பி, எதிரெதிர் வண்ணங்களை ஒரே ஒளி அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிவப்பும் பச்சையும், அல்லது நீலமும் ஆரஞ்சும், ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால், இரண்டும் சந்திக்கும் ஓரம் அதிர்வதுபோலத் தோன்றும். நம் கண் ஒரு பொருளின் ஓரத்தை முக்கியமாக வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டே பிடிக்கிறது. நிறம் மட்டும் மாறி வெளிச்சம் மாறாவிட்டால் ஓரம் எங்கே என்று அதனால் உறுதிசெய்ய முடிவதில்லை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வரைவைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்து காணாமல் போனால் அது அதிரும் வண்ணம். தெளிவாகத் தெரிந்தால் படிக்கக்கூடிய வண்ணம். கண்புரை தொடங்கியவர்களுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அதிரும் வண்ணம் வேதனை தரலாம். உங்கள் அப்பா முகம் சுளித்ததற்கு எழுத்தைவிட வண்ணமே காரணமாக இருந்திருக்கக்கூடும்.

உங்கள் கடை சாலையோரம் என்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. ஓட்டுபவர் பலகையைப் பார்த்து, படித்து, நிறுத்தலாமா என்று முடிவுசெய்ய மூன்று நொடி வேண்டும் என்றால், 50 மீட்டருக்கு முன்பே பெயர் படிக்கப்பட வேண்டும். பத்தடி தூரத்துக்கு ஓரங்குல உயரம் என்பது எங்கள் தொழிலில் வழங்கும் கணக்கு; 50 மீட்டர் என்பது சுமார் 165 அடி, ஆக 16 அங்குல எழுத்து. இது சாதாரணக் கட்டையெழுத்துக்கு. உருகிய எழுத்துக்கு இதைவிடக் கூடுதல் உயரமும் கூடுதல் நேரமும் வேண்டும். சாலையைப் பார்த்து நிற்கும் முதன்மைப் பலகையில் இந்த எழுத்து மட்டும் இருந்தால், வண்டிகள் படித்து முடிப்பதற்குள் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் இந்தப் பாணியை விட்டுவிடச் சொல்லவில்லை. படிக்க நேரம் இருக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகச் சொல்கிறேன். தேநீருக்காகக் காத்திருப்பவர் எதிரே பார்க்கும் உட்சுவர், கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கும் சாறு பாட்டிலின் சீட்டு, திருப்பூரில் அச்சடிக்கும் பனியன், கல்பாத்தித் தேர்த் திருவிழா நாட்களில் ஓர் இசை நிகழ்ச்சிக்கு ஒட்டும் சுவரொட்டி, இவையெல்லாம் அதன் இயற்கையான வீடுகள். அங்கே பார்ப்பவர் நிற்கிறார் அல்லது உட்கார்ந்திருக்கிறார். புதிரை அவிழ்க்க அவருக்கு மனமும் இருக்கிறது. விலைப்பட்டியல், தொலைபேசி எண், நேரம், முகவரி, கழிப்பறைக்கு வழி ஆகியவற்றில் ஒருபோதும் இந்த எழுத்து வரக் கூடாது. பழைய சுவரொட்டிக்காரர்களே சில நேரங்களில் தேதியையும் இடத்தையும் சற்றுத் தெளிவான எழுத்தில் அடியில் வைத்தார்கள். ஒரு பலகையில் ஒரு சொல் உருகலாம்; மற்றவை நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். என் தவறு ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் எல்லைப்பக்கத்து ஊரொன்றில் கேசட் கடைக்கு ‘ராகம்’ என்று பலகை எழுதினேன். சான் பிரான்சிஸ்கோ சுவரொட்டிப் படங்கள் சிலவற்றை ஒரு பழைய இதழில் பார்த்து மயங்கியிருந்த காலம். எல்லா எழுத்தையும் தடிக்கவைத்து, ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, அடியில் சொட்டச்சொட்ட வழியவிட்டேன். ரகரத்தின் அடியில் இருக்கும் சிறு காலும், பக்கத்தில் நிற்கும் துணைக்காலும் ஒரே மாதிரி சொட்டியதால் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. மகரத்தின் புள்ளி மேலே இருந்த அலையில் முழுகிப்போனது. வந்தவர்கள் ‘ரரகம’ என்று படித்தார்கள். கடைக்காரர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்றாம் நாள் நானே போய் அழித்துவிட்டு, வேறு எழுதிக் கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவது பெரும்பாலும் புறவடிவத்தில்; உள்ளே கீற்றளவு வெளி மிஞ்சினாலும் ஆளை அடையாளம் காணலாம். தமிழில் வேறுபாடு சுழியிலும் வாலிலும் புள்ளியிலும் இருக்கிறது. ரெண்டு சுழி னகரத்தையும் மூணு சுழி ணகரத்தையும் பிரிப்பது ஒரே ஒரு சுழி. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பது மேலே ஏறும் ஒரு சுருள். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது அடியில் ஒரு சாய்கோடு. ழகரத்தின் கீழ்க்கொக்கியை அமுக்கிவிட்டால் மகரத்தின் சாயல் வந்துவிடும். உருகிய எழுத்துப் பாணி முதலில் விழுங்குவது இந்தச் சிறு உறுப்புகளைத்தான். ஆகவே ஆங்கிலத்துக்கு வரைந்த முறையை அப்படியே தமிழின் மேல் ஊற்றக் கூடாது. எதை விழுங்கலாம், எதை விழுங்கக் கூடாது என்று எழுத்தெழுத்தாக முடிவுசெய்ய வேண்டும்.

புள்ளி இல்லாமலும் தமிழ் படிக்கப்பட்டிருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதால் ஏடுகளில் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டே எழுதினார்கள், எகர ஏகாரக் குறிகளின் இன்றைய வேறுபாடும் வீரமாமுனிவர் காலத்தில் வந்ததே. ஆனால் ஏடு படித்தவருக்குச் செய்யுளின் ஓட்டம் துணைநின்றது. சாலையில் போகிறவருக்கு முன்பின் சொல் எதுவும் இல்லாமல் தனித்து நிற்கும் ஒரு பெயர்தான் கிடைக்கிறது. புள்ளியை விடுவதற்கு இது இடமில்லை.

தமிழில் இந்தப் பாணி எழுத்துரு ஏன் அரிது என்பதற்கும் எளிய காரணம் உண்டு. ஆங்கிலத்தில் 26 பெரிய எழுத்துகளையும் எண்களையும் வரைந்தால் விற்கக்கூடிய எழுத்துரு ஆகிவிடும். தமிழில் 18 மெய்களுக்கும் இ, ஈ, உ, ஊ வரிசையில் மட்டுமே 72 தனி உருவங்கள் வேண்டும். உயிரெழுத்துகள், கொம்புகள், கால்கள், கிரந்த எழுத்துகள் எல்லாம் இதற்கு மேல். ஒவ்வொன்றும் ஒரே உயரத்தை நிரப்ப வேண்டும் என்றால், கீழே இறங்கும் ‘கு’வையும் மேலே ஏறும் ‘கி’யையும் ஒரே பெட்டியில் அடைப்பது பெரிய சிக்கல். டிடிபி கடைகளில் கிடைக்கும் அலங்கார எழுத்துருக்களில் பல, யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கு முந்தைய பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் இருப்பவை. அச்சுக்கு உதவும், இணையத்தில் ஒட்டினால் குப்பையாகும். ஆனால் உங்களுக்கு வேண்டியது மூன்றே எழுத்து. அதற்கு எழுத்துரு எதற்கு? ஒருநாள் உட்கார்ந்து கையால் வரைந்துவிடலாம்.

‘நிழல்’ என்ற பெயர் உங்களுக்கு அமைந்தது பெரிய பேறு. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல், ஒரே பொருள், ஏறத்தாழ ஒரே ஒலி. இரண்டு எழுத்திலும் மூன்று உருவங்கள்தான். முதலில் வரும் ‘நி’க்கு இரண்டு மொழியிலும் வலப்புறத்திலிருந்து ஒரு விசிறி, அதாவது இகரக் குறி, மேலெழும்பி வளையும், அதை நீட்டி அடுத்த எழுத்தின் தலைமேல் கூரைபோலக் கவிழ்த்தால், நிழல் என்ற பொருளே வடிவத்தில் வந்துவிடும். நடுவில் நிற்கும் ழகரம் நம் இரண்டு மொழிக்கும் பெருமை. அதன் கீழ்க்கொக்கியைச் சுருக்காமல், வேரிறங்குவதுபோலத் தாராளமாகக் கீழே விடுங்கள். கடைசி எழுத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. மலையாளத்தில் அது சில்லெழுத்து, அதாவது புள்ளியில்லாமலே மெய்யைக் குறிக்கும் தனி எழுத்து. வால் மேல்நோக்கி வளர்ந்து முடியும். தமிழில் லகரத்தின் மேல் புள்ளி. அந்தப் புள்ளியை வரப்புக்குள் தனித்து நிற்கும் ஒரு பெரிய துளியாக, வேறு வண்ணத்தில், பழம்போல வையுங்கள். சாறு விற்கும் கடைக்கு அதைவிடப் பொருத்தமான முத்திரை எனக்குத் தோன்றவில்லை.

வெளி உருவத்துக்கு ஆலமரம் வேண்டாம் என்பது என் கருத்து. எல்லோரும் அதைத்தான் வரைகிறார்கள். நம் ஊரில் வரப்புதோறும் நிற்பது பனை. விரிந்த பனையோலையின் அரைவட்டத்தை வரைந்து, மூன்று பாகமாகப் பிரித்து, நடுப்பாகத்தை ழகரத்துக்குச் சற்று அகலமாக விடுங்கள். பிறகு எழுத்தை வரையாதீர்கள்; எழுத்துகளுக்கு நடுவே ஓடும் வரப்பை முதலில் வரையுங்கள். வரப்பு எங்கும் ஒரே அகலத்தில் வந்துவிட்டால் எழுத்து தானே மிஞ்சி நிற்கும். மலையாளத்தையும் அதே ஓலைக்குள், அதே வரப்பகலத்தில் வரைந்தால் இரண்டும் உடன்பிறந்தவைபோல இருக்கும். 1971இல் கேரளத்தில் அச்சுக்காக எழுத்தைச் சுருக்கும் முன் இருந்த பழைய மலையாள எழுத்தின் உருட்சியும், 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வரும் முன் ‘லை’, ‘னை’ முதலியவற்றுக்கு இருந்த தும்பிக்கை வடிவமும் இந்தப் பாணிக்கென்றே படைத்தவைபோல இருக்கும். உட்சுவரில் ‘இளநீர்’, ‘நன்னாரி’, ‘மாம்பழம்’, ‘எலுமிச்சை’, ‘வாழையிலை’ என்று சொற்களை அலங்காரமாக எழுதும் எண்ணம் இருந்தால், வாழையிலையின் ‘லை’யைப் பழைய தும்பிக்கையோடு எழுதிப் பாருங்கள். பெரியவர்களுக்கு அது பழகிய முகம், பிள்ளைகளுக்குப் புதுமை.

பெயரைத் தவிர்த்த மற்றெல்லா எழுத்துக்கும் தெளிவான, உருண்ட, தடித்த ஓர் எழுத்துருவைத் துணையாக வையுங்கள். மும்பையின் ஏக் டைப் குழுவினர் பலூ என்ற குடும்பத்தைப் பல இந்திய மொழிகளுக்கு வரைந்திருக்கிறார்கள். தமிழுக்கு உரியது பலூ தம்பி, மலையாளத்துக்கு உரியது பலூ சேட்டன். தம்பியும் சேட்டனும் ஒரே பலகையில் நிற்பது நம் ஊருக்கு எவ்வளவு இயல்பானது என்று பாருங்கள். இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைப்பதால் வணிகப் பயன்பாட்டுக்குத் தடையில்லை. அவற்றின் மென்மையான உருட்சி, உருகிய எழுத்தோடு சண்டையிடாது; அதேபோல் அதோடு போட்டியிடவும் செய்யாது.

அச்சிலும் பலகையிலும் இறங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஃபிளெக்ஸில் நான்கு வண்ண மையால் அடிப்பதால் திரையில் தெரியும் ஒளிரும் ஆரஞ்சும் ரோஜாவும் மங்கியே வரும். முன்னதாக ஓரடித் துண்டு அடித்துப் பார்க்காமல் முழுப் பலகைக்குச் சம்மதிக்க வேண்டாம். பனியனில் மை துணிக்குள் சற்றுப் பரவும் என்பதால், ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த கீற்று மூடிக்கொள்ளக்கூடும். நான் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போவதில்லை. எல்இடி எழுத்தில் இரவு வெளிச்சம் கசிந்து உள்வெளிகளை அடைத்துவிடும். பகலில் படிக்க முடிந்த ழகரம் இரவில் ஒரு வெளிச்ச உருண்டை ஆகிவிடும். இந்தப் பாணிக்கு, எழுத்தே ஒளிர்வதைவிட, மேலிருந்து விளக்கு அடித்த கைப்பட எழுதிய பலகைதான் நன்றாக இருக்கும். எனாமல் பெயிண்டில் எழுதுவதானால் வரப்பை விட்டு வயலை நிரப்புங்கள். வயலை நிரப்பிய பிறகு வரப்பை மேலே வரைந்தால் அகலம் கையை மீறிப்போகும்.

ஆகவே சாலையைப் பார்க்கும் பலகையில் தமிழும் மலையாளமும் தெளிவான தடித்த எழுத்தில் 16 அங்குலத்துக்குக் குறையாமல் நிற்கட்டும். அதன் ஒரு மூலையில், அல்லது கடைக்குள் கல்லாவுக்குப் பின்சுவரில், பனையோலைக்குள் உருகிய ‘நிழல்’ இருக்கட்டும். ஆங்கிலம் பாட்டிலின் சீட்டில் போதும். வரைவு முடிந்ததும் அதை முழு அளவில் தாளில் அச்சடித்து, சாலையின் எதிர்ப்புறத்தில் ஒட்டி, பெயரைச் சொல்லாமல் மூன்று பேரைப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் தமிழ் மட்டும் படிப்பவர், ஒருவர் மலையாளம் மட்டும் படிப்பவர், மூன்றாமவர் உங்கள் அப்பா. அவர் ழகரத்தில் தடுக்கினால் கொக்கியை இன்னும் இறக்குங்கள், லகரத்தில் தடுக்கினால் புள்ளியைப் பெரிதாக்குங்கள். வரைவின் படத்தை எனக்கு அனுப்பினால் வரப்பு எங்கே இறுகியிருக்கிறது என்று குறித்துத் தருகிறேன்.